நேராக ஓடிய வண்டி

அந்த அக்கா வகுப்பறைக்குள் நுழைந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார். அப்படியே மேசை மேசையாக நடப்பார். பிள்ளைகள் நாலா பக்கமும் கூப்பிடும். போவார், குனிவார், பார்ப்பார், ஏதாவது கேள்வி கேட்பார். கை மட்டும் முன்னால் வராது.

நான் வேலை செய்வது பள்ளிக்கூடங்களில் பொறியியல் பயிலரங்கு நடத்தும் ஒரு சின்னக் கம்பெனியில். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் பின்பக்கச் சந்தில் ஒரு ஷெட், அதுதான் கம்பெனி. நோட்டீஸில் பயிலரங்கு என்று போடுவோம், பேச்சில் ஒர்க்‌ஷாப். சனி, ஞாயிறு இரண்டு நாள். ஒரு பிள்ளைக்கு ஒரு டப்பா. அதில் ஒரு மரப்பலகை, இரண்டு மோட்டார், சக்கரங்கள், பேட்டரி உறை, சுவிட்ச், வயர், திருகாணி. பிள்ளையே திருகி, பிள்ளையே வயரை இணைத்து, சால்டரிங் ராடால் ஈயத்தை உருக்கி வைத்து, ஒரு வண்டி செய்ய வேண்டும். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் பெற்றோர் வருவார்கள். அவர்கள் முன்னால் வண்டி ஓட வேண்டும். ‘முழுக்க முழுக்க உங்கள் குழந்தையின் கையால்’ என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த வரியை எழுதியவன் நான்.

அக்கா உதவியாளராகத்தான் வந்தார். வீடு மண்ணூர்பேட்டை. எஸ்டேட்டில் வண்டிகளுக்கு வயர்க்கட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் லைனில் நின்றவர். அந்தக் கம்பெனி வேறு ஊருக்குப் போனதும் எங்களிடம் வந்தார். டப்பாவில் சாமான் நிரப்புவது, ஒர்க்‌ஷாப் அன்று பிள்ளைகளைச் சாப்பிட அழைத்துப்போவது, மேசை துடைப்பது, இவ்வளவுதான் வேலை. ட்ரெய்னர்களுக்கு நீல நிற டி-ஷர்ட், நெஞ்சில் பெயர் போட்டிருக்கும். உதவியாளர்களுக்குச் சாம்பல் நிற அங்கி. அதில் பெயர் கிடையாது.

ஈயம் வைப்பதில் அக்காவின் பக்கத்தில்கூட எங்களில் ஒருவனும் நிற்க முடியாது. ஷெட்டில் மாதிரி வண்டி செய்வார். ஒவ்வொரு இணைப்பும் எள் மாதிரி இருக்கும். நான் டிப்ளமா படித்தவன். என் இணைப்பைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

“இன்னா நைனா, ஈயம் வச்சிக்கீறியா, கொழுக்கட்ட புடிச்சிக்கீறியா?”

“கொஞ்சம் அதிகமா இருந்தா விட்டுப்போகாதுக்கா.”

“பயந்தவன் தான் நெறைய வைப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என் இணைப்புக்குக் கொழுக்கட்டை என்று பெயர்.

இவ்வளவு கைத்திறன் உள்ள ஒருவர் பிள்ளைகளின் வண்டியைத் தொடவே மாட்டார் என்பது எங்களுக்குக் கேலியாக இருந்தது. ஒரு பிள்ளை, “ஆன்ட்டி, நீங்களே பண்ணிக் குடுங்க” என்று கெஞ்சும். அக்கா முகம் மலர்ந்து சொல்வார், “என் கைக்குத் தெரியும் பாப்பா. உன் கைக்குத் தான் தெரியணும்.” அதற்குப் பிறகு கேள்விகள் ஆரம்பிக்கும். இந்த வயரு எங்கேந்து வருது? எங்க போவுது? நடுவுல எங்கனா நிக்குதா? பிள்ளை வயரின் மேல் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போகும். விரல் நின்ற இடத்தில் தப்பு இருக்கும்.

ஏன் தொடுவதில்லை என்று நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் வேறு வேறு பதில் வந்தது. முதல் தடவை, “தொட்டா எனக்கு வேகம் வந்துரும். அப்பால நானே முட்ச்சிடுவேன்” என்றார். இரண்டாவது தடவை பஸ்ஸில். “லைன்ல நான் ஒரு வயரு சொருவுவேன். அடுத்த ஆளு ஒரு வயரு சொருவும். பதினோரு வருஷத்துல முழுசா ஒண்ணு நான் பண்ணதா இல்ல. இதுங்களாச்சும் பண்ணட்டும்” என்றார். மூன்றாவது தடவை என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“உங்க நோட்டீஸ்ல அப்டி தான போட்டுக்கீது?”

அக்கா அந்த நோட்டீஸை நம்பியிருந்தார். கம்பெனியில் அதை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

அவரைத் தெய்வமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் பிடிவாதம் சில சமயம் கொடுமையாகவும் இருக்கும். முகப்பேரில் ஒரு பள்ளியில் ஒரு ஆறாம் வகுப்புப் பையனுக்குத் திருகாணியின் தலை தேய்ந்து, திருப்புளி வழுக்கிக்கொண்டே இருந்தது. பையன் அழ ஆரம்பித்தான். அக்கா பக்கத்தில் நின்றார். முக்கால் மணி நேரம் அவன் அழுதான், அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், மூக்கைத் துடைத்துவிட்டார், திருகாணியைத் தொடவில்லை. கடைசிவரை அது வரவில்லை. பையன் பாதி வண்டியோடு வீட்டுக்குப் போனான். அவன் அம்மா போன் செய்து திட்டினார். அன்று அக்கா செய்தது தப்பு என்று இன்றும் நினைக்கிறேன். அவரிடமும் சொன்னேன். “ஆமா, அது அழுதது எனக்கே ஒரு மாதிரி தான் கீது” என்றார். அடுத்த வாரமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வானகரத்தில் ஒரு பள்ளித் தாளாளரின் பேரன் எங்கள் வகுப்பில் இருந்தான். தாளாளரே வந்து மேசை அருகில் நின்றார். “ஏம்மா, பையனுக்குக் கொஞ்சம் புடிச்சிக் குடும்மா” என்றார்.

“புடிச்சா அது நான் பண்ணதா ஆயிடும் சார். அப்பால சர்டிபிகேட்ல என் பேரத் தான் போடணும்.”

தாளாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் முதலாளி சிரிக்கவில்லை. அவரை நாங்கள் சார் என்போம். பெரிய மனிதர்கள் முன்னால் அந்த அம்மாவைப் பேசவிடாதே, பேச்சும் சரியில்லை, மெட்ராஸ் பாஷை என்று என்னிடம் சொன்னார். நான் அதைக் கொஞ்சமும் குறைக்காமல் அக்காவிடம் போய்ச் சொன்னேன். நானும் பாடி குப்பத்தில் வளர்ந்தவன்தான். டி-ஷர்ட் போட்டதும் எனக்கு அந்தப் பேச்சு அசிங்கமாகிவிட்டது.

அக்காவுக்கு முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு சொன்னார், “வாயயும் கட்டிக்கறேன் நைனா. கையத் தான் ஏற்கனவே கட்டிக்கினு கீறனே.”

ஒரே ஒரு தடவை அந்தக் கை முன்னால் வந்து பார்த்திருக்கிறேன். ஒரு பையன் சால்டரிங் ராடைத் தாங்கியில் வைக்காமல் மேசை ஓரத்தில் வைத்தான். அது உருண்டு அவன் தொடையை நோக்கி விழுந்தது. அக்கா உள்ளங்கையில் பிடித்தார். கொதிக்கும் முனையை. குழாயில் கையை நீட்டிக்கொண்டு நின்றவர், பயந்துபோய்ப் பின்னால் வந்து நின்ற பையனிடம் முதலில் சொன்னது இதுதான்: “உன் வண்டிய நான் தொடல, பாத்துக்கோ.”

இனி எங்கள் தொழிலின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்குப் பிள்ளைகள் சாப்பிடப் போவார்கள். உதவியாளர்கள் கூடவே போவார்கள். மூன்று மணிக்குப் பெற்றோரோடுதான் பிள்ளைகளைத் திரும்ப உள்ளே விடுவோம். வகுப்பறைக் கதவை உள்ளே தாழ் போடுவோம். ட்ரெய்னர்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு வரிசையாக உட்கார்ந்து, ஓடாத வண்டிகளையெல்லாம் ஓட வைப்போம். இதற்கு ‘ஃபைனல் டச்’ என்று பெயர். நாற்பதில் பதினைந்து, இருபது வண்டிகள் ஓடாமல் இருக்கும். இரண்டே நாளில், சின்னக் கையில், அது இயல்பு. இரண்டு மணிக்குள் எல்லாம் ஓடும். மூன்று மணிக்கு அப்பா அம்மா வந்து கைதட்டுவார்கள். அடுத்த வகுப்புக்கும் பெயர் கொடுப்பார்கள். “பேரண்ட்ஸ் பாக்கறது ஓடுதா இல்லையான்னு மட்டும்தான்” என்பார் சார். நான்கு பேரில் வேகமானவன் நான்தான். சார் என்னைப் புதிய ட்ரெய்னர்களுக்குக் காட்டி, இவனிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்பார். அதில் எனக்குப் பெருமை வேறு.

பிள்ளைகளோடு சாப்பாட்டுக்குப் போய்விடுவதால் அக்காவுக்குப் பல மாதங்கள் இது தெரியாது. ஒருநாள் ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டது என்று எடுக்க வந்து கதவைத் தட்டினார். தாழ் சரியாக விழவில்லை, திறந்துகொண்டது. நாங்கள் நான்கு பேரும் நான்கு வண்டிகளைக் கவிழ்த்துப்போட்டு ஈயம் வைத்துக்கொண்டிருந்தோம்.

“இன்னா பண்றீங்க?”

“செக் பண்றோம்க்கா” என்றேன்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “நான் யாரான்டயும் போயி சொல்லப் போறது இல்ல நைனா. எனக்கும் வேல வோணும். ஆனா நாளிக்கு எனக்குன்னு ஒரு பேட்ச் குட்த்தா, அத்த யாரும் தொடக்கூடாது. நீ பாத்துக்கணும். சொல்லு.”

“சரிக்கா.”

“சும்மா சரிங்காத. சத்தியமான்னு சொல்லு.”

“சத்தியமா” என்றேன். சொல்வதற்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

அக்காவுக்கு ட்ரெய்னர் ஆக வேண்டும் என்று ஆசை. அதை அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. டி-ஷர்ட்டுகளைத் துவைத்து மடித்து வைக்கும்போது, பெயர் எழுதியிருக்கும் இடத்தை நீவிவிடுவார். அவ்வளவுதான். ஒரு ட்ரெய்னர் திடீரென்று வேலையை விட்டபோது நான்தான் சாரிடம் பேசினேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று அதைக் கணக்கு வைத்திருந்தேன். சார் ஒத்துக்கொண்டார். திருமுல்லைவாயல் பக்கம் ஒரு தனியார் பள்ளி, ஏழாம் வகுப்பு. அதில் இருபது பிள்ளைகள் அக்கா பொறுப்பு. “இருபதும் ஓடணும். ஓடினா அடுத்த மாசத்துலேர்ந்து ட்ரெய்னர். ஓடலைன்னா ஷெட்டோட இருக்கட்டும்” என்றார். அதோடு நிறுத்தாமல், “சிபாரிசு பண்ணது நீ. அவங்க பேட்சுல ஒண்ணு நின்னாலும் உன்னைத்தான் கேப்பேன்” என்றார்.

இரண்டு நாளும் அக்கா வகுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே அறைதான், ஆனால் அவர் பக்கத்துச் சத்தமே வேறு மாதிரி இருந்தது. எங்கள் பக்கம், “சார், சார்” என்று கூப்பாடு. அவர் பக்கம் பிள்ளைகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன, இந்த வயர் இங்கே வரக்கூடாது, வரலாம் என்று.

மகா என்று ஒரு பெண் அந்த வகுப்பில் இருந்தாள். அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸில் வீடு. அவள் வண்டியை ஆன் செய்தால் நேராகப் போகாது. நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். ஞாயிறு காலை முழுக்க அவள் அதைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்றாகப் போகும்போது அங்கிருந்து ஒரு குரல் கேட்டது.

“அக்கா, கண்டுபுடிச்சிட்டேன். லெஃப்ட் மோட்டார்ல ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்துட்டேன். அது மட்டும் ரிவர்ஸ்ல சுத்துது.”

“நீயா கண்டுபுடிச்ச?”

“நானேதான்.”

“அப்ப ஓடுனா மாதிரி தான். சாப்பாட்டு மணி அட்ச்சிடுவாங்க, இப்ப மாத்த நேரம் கெடையாது. அப்பா வந்தா இன்னா சொல்லுவ?”

“சுத்தும்பா, ஏன்னா இந்த வயர் மாறிடுச்சின்னு சொல்லுவேன். அவங்களும் ஃபிட்டர்தான, அவங்களுக்குப் புரியும்.”

அக்கா வகுப்பில் இருபதில் பதினான்கு ஓடின, ஆறு ஓடவில்லை. ஓடாத ஆறு பேரிடமும், ஏன் ஓடவில்லை என்று ஒரு சீட்டில் எழுதி வண்டியின் மேல் வைக்கச் சொன்னார். “ஓடலன்னா பரவால்ல. ஏன் ஓடலன்னு உனக்குத் தெரிஞ்சா போதும்.” பிறகு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சாப்பிட அழைத்துப்போனார். கதவருகில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

கதவைத் தாழ் போட்டேன். என் வரிசையை முடித்தேன். மணி ஒன்றரை. அக்காவின் மேசைகள் பக்கம் போகக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். சார் போன் செய்தார். “என்னடா, எல்லாம் ரெடியா? அந்தம்மா பேட்ச்?” என்றார். “ரெடி சார்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எழுந்து போனேன்.

அக்காவுக்காகச் செய்தேன் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி, சார் என்னைக் கேட்பாரே என்ற பயம். எந்தப் பாதி பெரியது என்று எனக்குத் தெரியும்.

ஆறு வண்டிகளையும் சரிசெய்ய இருபது நிமிடம் ஆனது. மகாவின் சீட்டில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை என்று சொன்னால் கொஞ்சம் மானம் மிஞ்சும். படித்தேன். ‘என் வண்டி சுற்றும். காரணம்: இடது மோட்டாரின் வயர்கள் இடம் மாறிவிட்டன. நானே கண்டுபிடித்தேன்.’ நானே என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தாள். படித்துவிட்டு வயர்களை எடுத்து மாற்றி ஈயம் வைத்தேன். பெற்றோர் கண்ணில் பட வேண்டாம் என்று ஆறு சீட்டுகளையும் குப்பைக்கூடையில் போட்டேன்.

மூன்று மணிக்குப் பெற்றோர் வந்தார்கள். சாரும் வந்தார். ஒவ்வொரு பிள்ளையாக வண்டியை நடுவில் வைத்து ஓட்டிக் காட்டியது. சீட்டு எழுதியிருந்த மற்றவர்கள் வண்டி ஓடிய சந்தோஷத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மகாவின் முறை வந்தது. சீட்டைக் காணோம் என்று மேசைக்கடியில் தேடினாள். பிறகு பரவாயில்லை என்று நடுவில் வந்து நின்று மனப்பாடமாகச் சொன்னாள். “என் வண்டி நேராப் போகாது, சுத்தும். ஏன்னா இடது மோட்டார்ல வயர் மாறிடுச்சி. நானே கண்டுபுடிச்சேன். பாருங்க.”

சுவிட்சைப் போட்டாள். வண்டி நேராகப் போய்ச் சுவரில் இடித்து நின்றது.

யாரோ ஒரு அப்பா சிரித்தார். நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பிள்ளை உளறிவிட்டது என்று சிரித்தார்கள். மகாவின் அப்பா மதுரைப் பக்கத்து மனிதர். அவரும் சிரித்துக்கொண்டே, “என்னத்தா, நேராத்தான போகுது. நல்லாத்தான பண்ணியிருக்க, பெறகு எதுக்கு இந்தக் கதையெல்லாம்?” என்றார்.

மகா வண்டியை எடுத்து இன்னொரு தடவை விட்டாள். நேராகத்தான் போனது. அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது. வண்டியைக் கையில் எடுக்காமல் அக்காவிடம் போனாள்.

“தொட மாட்டேன்னு சொன்னீங்கல்ல?”

“நான் தொடல பாப்பா.”

“அப்ப யாரு?”

அக்கா தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பேசு என்று இடம் விட்டுக் காத்திருந்தார். அந்தப் பெண்ணும் அவர் பார்த்த திசையில் திரும்பினாள். நான் ப்ரொஜெக்டர் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். அந்த வயரைச் சுற்ற வேண்டிய தேவையே இல்லை, ப்ரொஜெக்டர் ஓடிக்கொண்டிருந்தது. “நான்தான்மா” என்று ஒரு சொல் போதும். அத்தனை பெற்றோர் இருந்தார்கள், சார் இருந்தார். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். திரை இருட்டானபோதுதான் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

மகா போய்விட்டாள். வண்டியை எடுத்துப் போகவில்லை.

சார் வந்து அக்காவிடம், “இருபதும் ஓடிடுச்சே, பிரமாதம். டி-ஷர்ட்டுக்குச் சொல்லிடறேன்” என்றார். அக்கா, “சரி சார்” என்றார். அந்த இரண்டு வார்த்தையை நான் கேட்டிருக்கவே கூடாது.

எல்லோரும் போன பிறகு அக்கா அந்த வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். ஆறு மாதமாகக் கேலி செய்த கையெழுத்து அதில் இருந்தது.

“கொழுக்கட்ட” என்றார். “நீயா நைனா.”

“உங்களுக்காகத்தான்க்கா. ஓடலைன்னா சார் உங்கள...”

“நான் கேட்டனா?”

நான் காலி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“அது அப்பன் முன்னாடி சொல்றதுக்கு மனப்பாடம் பண்ணி வச்சிக்கினு இருந்துச்சு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. நான் அத ஏமாத்திட்டேன்னு நெனச்சிக்கினு போவுது.” வண்டியை என் பக்கம் நீட்டினார். “என்னான்ட நீ ஒண்ணும் சொல்ல வோணாம். அதான்ட போயி சொல்லு.”

“நீங்க சொன்னா...”

“நான் சொன்னா நம்பாது. நான் தான் பொய் சொன்னவளா ஆயிட்டேன். செஞ்சவன் சொன்னாத் தான் நம்பும். சாரான்ட வோணாம், ஸ்கூல்ல வோணாம், எனக்கு வேல போனாலும் போவுது, அந்த ஒரு பாப்பாகிட்ட மட்டும் சொல்லு. இந்த வண்டியையும் குட்த்துடு. அது வரிக்கும் எனக்கு அந்தச் சட்ட வோணாம்.”

“சொல்றேன்க்கா.”

பத்து நாள் கழித்துச் சான்றிதழ் கொடுக்க அந்தப் பள்ளிக்குப் போனேன். வண்டியைப் பையில் வைத்திருந்தேன். வகுப்பு டீச்சர் பெயரைக் கூப்பிட, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டார்கள். மகா வந்தாள். பஸ்ஸில் வரும்போது மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. டீச்சர் பக்கத்தில் நிற்கிறாரே என்று பார்த்தேன். டீச்சருக்குத் தெரிந்தால் தலைமையாசிரியருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் சாருக்குத் தெரியும். மகா சான்றிதழை வாங்கிப் படித்தாள். “அந்த அக்கா வரலையா?” என்று கேட்டாள். இல்லம்மா என்றேன். தாளை இரண்டாக மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். வண்டியைப் பியூனிடம் கொடுத்து, ஏழாம் வகுப்பில் யாரோ விட்டுப்போனது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்க்கா.”

“இன்னான்னு சொன்ன?”

பஸ்ஸில் பழகியதில் நல்ல ஒன்றை எடுத்துச் சொன்னேன்.

“அது இன்னா சொல்லிச்சு?”

“சரின்னு சொல்லுச்சுக்கா. உங்களத் தப்பா நெனச்சதுக்கு சாரி சொல்லச் சொல்லுச்சு.”

சாரி என்றது தேவையில்லாத பொய். அதை அவர் கேட்கவேயில்லை. கொஞ்சம் கூடுதலாக வைத்தால் விட்டுப்போகாது என்று வைத்தேன்.

“அய்யே, பாவம், அது இன்னாத்துக்கு சாரி சொல்லுது” என்றார். “நல்லா இருப்ப நைனா.”

அடுத்த வாரம் நீல டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தார். கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஒன்றரை வருடம் ட்ரெய்னராக இருந்தார், பிறகு வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை மாறியதால் போய்விட்டார். அந்த ஒன்றரை வருடமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பை ஒரே கதையோடுதான் ஆரம்பிப்பார். முதல் தடவை ஐயப்பன்தாங்கலில் ஒரு பள்ளியில் கேட்டேன். நான் பின்வரிசையில் டப்பாக்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு ஸ்கூல்ல ஒரு சாரு ஒரு பாப்பா வண்டில கைய வச்சிட்டாரு. அந்தப் பாப்பாக்கு அதால ரொம்ப கஷ்டமாப் போச்சு. சாரு செஞ்சது யாருக்கும் தெரியாது. சும்மா இருந்திருந்தா அப்டியே போயிருக்கும். ஆனா அவரு இன்னா பண்ணாரு? அவரே போயி, அந்தப் பாப்பா முன்னாடி நின்னு, நான் தாம்மா செஞ்சேன், தப்பு என்னுதுன்னு சொல்லிட்டாரு. பெரியவங்க யாராச்சும் சின்னப் புள்ளைங்கான்ட அப்டி சொல்லிப் பாத்துக்கீறீங்களா? வண்டி ஓடலன்னா ஒண்ணும் இல்ல. தப்பு என்னுதுன்னு சொல்லத் தெரியணும். அது தெரிஞ்சவன் தான் இன்ஜினியரு.”

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “அந்த சார் பேரு என்ன மிஸ்?” என்றாள்.

அக்கா என் பக்கம் பார்க்காமல் சிரித்தார். “பேரு வோணாம். வெக்கப்படுவாரு.”

பிள்ளைகள் கைதட்டின. எல்லோரும் தட்டும்போது நான் மட்டும் தட்டாமல் நின்றால் தெரிந்துவிடுமே என்று, நானும் தட்டினேன்.